கீழ் வீட்டில் பட்டாசுப் பெட்டிகள், மேல் வீட்டில் வீசிங் பிள்ளை: யாரிடம் புகார் சொல்வது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஒன்றும் மேலே நான்கும் ஆக ஐந்து குடித்தனம். கீழ் வீட்டில் இருப்பவரை எல்லோரும் ‘சீட்டு அண்ணன்’ என்போம். வருஷம் முழுக்கத் தீபாவளிச் சீட்டு பிடிப்பார். பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டிகள் வந்து இறங்கும். மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் கூரை வரை அடுக்கிவிடுவார். அதே சுவரை ஒட்டித்தான் எங்கள் கேஸ் சிலிண்டர்கள் இருக்கின்றன. என் மகளுக்கு ஒன்பது வயது, வீசிங் உண்டு. போன தீபாவளி ராத்திரி ஒரு மணிக்குத் தெருவில் சரவெடி போட்டார்கள், பிள்ளை மூச்சுக்குத் திணறினாள். தாங்காமல் 100-க்கு போன் செய்தேன். ரோந்து வண்டி வந்து தெருப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் கேஸ் போட்டது. போன் செய்தது நான்தான் என்று எப்படியோ தெரிந்து, அதில் ஒரு பையனின் அம்மா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. சாவு ஊர்வலம் போனாலும் இதே வெடிதான். இந்த வருஷமும் பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். அந்தச் சீட்டில் நானும் மாதம் 300 ரூபாய் கட்டுகிறேன். புகார் கொடுத்தால் நானும் மாட்டுவேனா? கொடுப்பதா, வீட்டைக் காலி செய்வதா? என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். தெருவின் பெயரும் இங்கே வராது.

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ராத்திரி ஒரு மணிக்கு வெடித்த பையன்கள். மற்றொன்று, மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருக்கும் பெட்டிகள். போன வருஷம் நீங்கள் முதலாவதற்குப் போன் செய்தீர்கள், அதனால் பகை வந்தது. இரண்டாவதைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் சொல்வது, இந்த வருஷம் இதைத் தலைகீழாக மாற்றுங்கள். பெட்டிகளைப் பற்றி இப்போதே புகார் கொடுங்கள். பையன்களிடம் பண்டிகைக்கு முன்பே பேசுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தெருவில் வெடித்தவன் மீது வழக்கு என்றால், பார்த்தது யார், எத்தனை மணிக்கு, எந்தப் பையன் என்று கேள்விகள் வரும். அதற்குப் பதில் சொல்லச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நீங்கள்தான், வேறு ஒருவரும் முன்வர மாட்டார்கள். பெட்டிகள் அப்படியல்ல. அவை அங்கே இருக்கின்றன. அதிகாரி வந்து கதவைத் திறந்து பார்த்து, எண்ணி, மகஜர் (பார்த்ததையும் எடுத்ததையும் பதியும் குறிப்பு) எழுதிப் பறிமுதல் செய்தால் அந்த மகஜரே சாட்சி. உரிமம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. உங்கள் வேலை தகவல் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. குற்றத்தைப் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி ஒரு போலீஸ் அதிகாரியைக் கோர்ட்டில்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 125-ஆவது பிரிவாக இருந்த இது, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 131-ஆவது பிரிவு. யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ‘புகார் கொடுத்தவர் யார்’ என்று கேட்டாலும், நம்பிக்கையின் பேரில் தகவல் கொடுத்தவரை அடையாளம் காட்டும் விவரத்தை மறுக்க 8(1)(ஜி) பிரிவு இடம் தருகிறது. சட்டத்தில் இது இருக்கிறது என்பதால் ஸ்டேஷனில் யாரும் வாய் தவறிச் சொல்லிவிட மாட்டார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. போன வருஷம் உங்களுக்கு நடந்ததே அதுதானே. அதனால்தான் புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த அறை. பட்டாசு சேமிப்பையும் விற்பனையையும் கட்டுப்படுத்துவது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் வந்த 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும். நிரந்தரப் பட்டாசுக் கடைக்கு அந்த விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? கடை தரைத்தளத்தில் இருக்க வேண்டும். ஆனால் மேலே மக்கள் குடியிருக்கும் தளம் இருக்கக் கூடாது. மாடிப்படிக்கோ லிஃப்ட்டுக்கோ அடியிலும் இருக்கக் கூடாது, பக்கத்திலும் இருக்கக் கூடாது. தனி வாசல் வேண்டும், அவசர வழி வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இதைப் படித்தால், உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டே விதி எழுதினார்களோ என்று தோன்றும். பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைக்கும் கண்டிப்பு உண்டு. தீப்பிடிக்காத பொருளால் கட்டிய கொட்டகை, கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர், குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்துக்கும் கடைக்கும் 50 மீட்டர். விளக்கு, திரி, கேஸ் லைட் எதுவும் கிட்டே வரக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. தீவுத்திடலில் கடைகளை வரிசையாகப் பிரித்துப் போட்டிருப்பதன் பின்னால் இந்த அளவுகள்தான் இருக்கின்றன. நம் பக்கத்துச் சந்துகளில் 50 மீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது? ஆகவே உங்கள் கீழ் வீட்டு அறைக்கு இந்த விதிகளின்படி உரிமம் கிடைத்திருக்க வழியே இல்லை.

உரிமம் இல்லாமல் விற்பதும் விற்பதற்காக வைத்திருப்பதும் வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை சின்னதுதான், ஒரு நாள் வியாபாரத்துக்குக்கூடக் காணாது. உண்மையான அடி பறிமுதல். அடுக்கியிருக்கும் சரக்கு முழுக்கப் போய்விடும் என்ற பயம்தான் இந்த வியாபாரத்தில் ஒருவரை யோசிக்க வைக்கும்.

2023 அக்டோபர் 7-ஆம் தேதி, ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை குடோனோடு எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பண்டிகைக் கூலி வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள். 2025 தீபாவளிக்கு முந்தைய நாள், ஆவடிக்குப் பக்கத்தில் பட்டாபிராமில் வீட்டில் வைத்திருந்த வெடிகள் வெடித்து நான்கு பேர் உயிர் போனது. அது குடியிருப்புத் தெரு. உங்கள் படிக்கட்டு ஒன்றே ஒன்று. கீழே தீப்பிடித்தால் மேலே இருக்கும் நான்கு குடித்தனமும் இறங்க வேறு வழியில்லை, பக்கத்தில் சிலிண்டர்கள் வேறு. வட சென்னைக்காரர்களுக்கு இந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 2020-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், மணலியில் ஒரு கண்டெய்னர் நிலையத்தில், அங்கே வெடித்த அதே அம்மோனியம் நைட்ரேட் சுமார் 700 டன் ஐந்து வருஷமாக நம் பக்கத்திலேயே கிடந்தது ஊருக்குத் தெரிந்தது. எங்கோ விபத்து நடந்த பின்புதான் நம் வாசலில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம். நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டீர்கள். அதற்காகவே இந்தக் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

இனி, புகார். சென்னை மாநகரில் பட்டாசுக் கடைக்கு உரிமம் தருவது போலீஸ் கமிஷனர் அலுவலகம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று பெற்ற பிறகு. அதனால் உங்கள் மனு இரண்டு இடத்துக்குப் போக வேண்டும்: கமிஷனர் அலுவலகம், உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையம். வண்ணாரப்பேட்டை துணை ஆணையருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஸ்டேஷனுக்கு நேரில் போக வேண்டாம். போன வருஷ அனுபவம் உங்களுக்கு இருக்கும்போது நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முடிந்தால் மேல் குடித்தனக்காரர்கள் நால்வரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். அதே படிக்கட்டில்தானே அவர்களும் இறங்குகிறார்கள்! ஒருவரும் வரவில்லை என்றால் ‘பாதிக்கப்பட்ட குடியிருப்போர்’ என்று மட்டும் போட்டு அனுப்புங்கள். பெயரில்லாத மனு பெரும்பாலும் குப்பைக்குப் போகும் என்பார்கள். விவரம் துல்லியமாக இருந்தால் அப்படித் தள்ளிவிடுவது கஷ்டம், ஏனென்றால் சோதனை செய்ய அதிகாரிக்குச் சட்டமே அதிகாரம் கொடுக்கிறது, யாராவது புகார்தாரராக வந்து நிற்க வேண்டும் என்ற தேவையே கிடையாது.

மனுவில் கோபம் வேண்டாம், அந்த மனிதரைப் பற்றிய குணவிசாரணையும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“மேற்படி முகவரியில் உள்ள கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில், விற்பனைக்கான பட்டாசுப் பெட்டிகள் சேமிக்கப்படுகின்றன. மேல்தளத்தில் நான்கு குடும்பங்கள் குழந்தைகளுடன் வசிக்கின்றன. வெளியேற ஒரே படிக்கட்டுதான் உள்ளது. அறையின் சுவரை ஒட்டிச் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் உள்ளன. வெடிபொருள் விதிகள் 2008-இன்படி இந்த இடத்துக்கு உரிமம் வழங்கப்பட்டுள்ளதா என்பதை உடனடியாக ஆய்வு செய்து, இல்லையெனில் பெட்டிகளை அப்புறப்படுத்திச் சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பெயர் விவரங்களை வெளியிட வேண்டாம்.”

பெட்டிகள் வந்து இறங்கும் நாள் உங்களுக்குத் தெரியும் என்றால், மனு அதற்கு மறுநாள் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறை காலியாக இருக்கும்போது வரும் அதிகாரி ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார், பிறகு அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராகப் பேசும். பெட்டியில்லாமல் சணல் சுற்றிய நாட்டு வெடி அங்கே இருப்பதாகத் தெரிந்தால் தபாலுக்குக் காத்திருக்கவே வேண்டாம், உடனே 112 அல்லது 101-ஐக் கூப்பிடுங்கள். அது வேறு வகை ஆபத்து, நேரம் பார்க்கக் கூடாது.

ஒரு வாரத்தில் யாரும் வரவில்லை என்றால்? நேரடியாகக் குற்ற வழக்குப் பதியக் கோரும் வழி இருக்கிறது. ஸ்டேஷன் மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி துணை ஆணையருக்கு எழுதலாம், அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். அங்கே உங்கள் பெயர் வெளியே வரும். ஆகையால் அது கடைசிப் படி. அதற்கு முன்னால் ஒரு வழி: உச்ச நீதிமன்ற உத்தரவை இன்ஸ்பெக்டருக்கு நினைவூட்டி ஒரு கடிதம்.

அந்த உத்தரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருவில் அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய அப்பாக்கள் போட்ட வழக்கு அது. நுரையீரல் வளரும் வயதில் இந்தப் புகையை ஏன் சுவாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். உங்கள் மகளின் கேள்வியும் அதுதான். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பட்டாசுக்கு ஒட்டுமொத்தத் தடை இல்லை. ஆனால் புகை குறைந்த பட்டாசும் பசுமைப் பட்டாசும் மட்டும்தான், அதையும் உரிமம் பெற்ற கடையில் மட்டும்தான் விற்கலாம். ஆன்லைன் விற்பனை கூடாது. பேரியம் உப்பு கலந்தவை கூடாது. சரவெடி கூடாது. தீபாவளிக்கு நாடு முழுக்க இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் குறித்தார்கள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிக்கும் நம் வழக்கத்தைத் தமிழக அரசு எடுத்துச் சொல்ல, அதே மாதம் 30-ஆம் தேதி, மொத்தம் இரண்டு மணி நேரம் தாண்டாமல் நேரத்தை மாநிலமே முடிவு செய்யலாம் என்று திருத்தினார்கள். அந்த வருஷத்திலிருந்து இங்கே காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ராத்திரி ஒரு மணி என்பது எந்தக் கணக்கிலும் வராது. இதற்கெல்லாம் முன்பே, 2005-இல், இரவு 10 முதல் காலை 6 வரை ஓசையெழுப்பும் வெடி கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒலி மாசு விதிகளிலும் அது இருக்கிறது.

மேலே சொன்னதில் ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள்: சரவெடி. நேரம் எதுவானாலும் அது தடை செய்யப்பட்ட சரக்கு. 2021-இல் மறுபடி உறுதி செய்தார்கள், 2023-இல் உற்பத்தியாளர்கள் கேட்டும் அனுமதி தரவில்லை. ஆயிரம்வாலாவும் பத்தாயிரம்வாலாவும் மாலை 7:30-க்கு வெடித்தாலும் குற்றம்தான். ஒரு பையன் கையில் அது வந்ததென்றால் யாரோ அவனுக்கு விற்றிருக்கிறார்கள். உங்கள் தெருவில் விற்றவர் யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் போலீஸ் வண்டியில் ஏறியது யார்?

இதுதான் எனக்கு ஆறாத விஷயம். ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் ‘நேரம் மீறிப் பட்டாசு வெடித்ததாக’ நூற்றுக்கணக்கில் வழக்குகள் என்று செய்தி வருகிறது. வழக்கில் சிக்குபவர்களில் பலர் வீட்டு வாசலில் நின்றவர்கள். உச்ச நீதிமன்றமோ, தடை செய்த பட்டாசு தன் எல்லைக்குள் விற்கப்பட்டால் அந்தக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டும், இல்லையேல் நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லியிருக்கிறது. 2021 உத்தரவில் அந்தப் பொறுப்பைக் கமிஷனர், உள்துறைச் செயலாளர், தலைமைச் செயலாளர் வரை கொண்டுபோனார்கள். விற்பனையை நிறுத்துவதற்கு ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. வெடியை நிறுத்துவதற்கு இருப்பதோ ஒரு ராத்திரி. அந்த ஒரு மாதத்தில் குடோன்களையும் வீட்டு விற்பனையையும் பார்க்காமல் விட்டுவிட்டு, அந்த ஒரு ராத்திரியில் பையன்களைத் துரத்துவது நியாயமான அமலாக்கம் ஆகாது. உங்கள் இன்ஸ்பெக்டருக்குப் போகும் கடிதத்தில் இந்த உத்தரவின் தேதியைக் குறிப்பிட்டு, சரவெடி விற்பனை தொடர்பான மனு இன்ன தேதியில் கமிஷனர் அலுவலகத்தில் பெறப்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால் ‘தெரியாது’ என்று சொல்ல அவரால் முடியாது. இந்தக் கடிதம் எழுதுவதற்குச் சங்கமோ, பகுதிக் கவுன்சிலரோ, பக்கத்துத் தெரு ஆசிரியரோ யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது.

சீட்டு விஷயத்தில் நீங்கள் மாட்ட மாட்டீர்கள். சீட்டு கட்டியதோ, சொந்த உபயோகத்துக்குப் பட்டாசு வாங்கியதோ உங்களைச் சேமிப்புக் குற்றத்தில் கூட்டாளி ஆக்காது. ஆனால் மீதி மாதங்களுக்கு, ‘எனக்குப் பட்டாசு வேண்டாம் அண்ணா, பணமாகவோ மளிகையாகவோ கொடுங்க’ என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு வீசிங் என்பது தெருவுக்கே தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சீட்டு அட்டையில் ஒவ்வொரு மாதமும் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு பறிமுதலாகிவிட்டது, பணம் இல்லை என்று அவர் கைவிரித்தால் அந்த அட்டைதான் உங்கள் ஆவணம். மேல் வீட்டுக்காரர்களும் சீட்டுக் கட்டுகிறார்களா? அப்படியானால் கையெழுத்துக் கேட்கும்போது அவர்களுக்கு வரும் முதல் தயக்கம் இதுவாகத்தான் இருக்கும். இதை அவர்களிடமும் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பையன்கள். போன வருஷ வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என நினைக்கிறேன், பேச்சே இல்லையே. ஆனால் அந்த அம்மாவுக்கு உதவக்கூடிய ஒரு விஷயம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. எப்படியாவது அவர் காதுக்குப் போகட்டும்.

பதினெட்டு வயது நிரம்பாத பையன் என்றால், இப்படிப்பட்ட சின்னக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆரே போட்டிருக்கக் கூடாது. சிறார் நீதி விதிகள் 2016 அப்படித்தான் சொல்கின்றன. பெரியவர்கள் சேர்ந்து செய்த குற்றமாக இருந்தால்தான் விலக்கு. நிரம்பியவன் என்றால், எந்தப் பிரிவில் வழக்கு என்று பார்க்க வேண்டும். அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 223-ஆவது பிரிவு மட்டும் போட்டிருந்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்துப்பூர்வமாகக் கோர்ட்டில் புகார் கொடுத்தால்தான் நடுவர் அதை விசாரணைக்கு எடுக்க முடியும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு இருந்த காலத்தில் இந்தக் காரணத்துக்காகவே சென்னை உயர் நீதிமன்றம் ஏராளமான வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதாக பி.என்.எஸ். 288-உம் சேர்த்திருந்தால் கதை வேறு. அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விடக்கூடியதுதான்.

அந்த வீட்டில் ‘குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடு’ என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் விடிகாலையில் மெரினாவிலும் மைதானத்திலும் ஓடிப் பழகி போலீஸ் வேலைக்குத் தயாராகிறார்கள்! அந்த வேலைக்கான முன்னடத்தை விசாரணையில் ஒரு சின்ன வழக்கும் குறுக்கே நிற்கும். பாஸ்போர்ட்டுக்கும் விளக்கம் கேட்பார்கள். ஒரு வக்கீலைப் பார்த்து வழக்கை ரத்து செய்ய முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக் குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். இதை நீங்களே நேரில் போய்ச் சொன்னால் நல்லது. பையன்கள் மீது கேஸ் போட வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை என்பது அந்த அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும்.

அதற்கப்புறம் இந்த வருஷத் தீபாவளிக்கான பேச்சு. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால், பையன்களின் தலைவன் மாதிரி ஒருவன் எல்லாத் தெருவிலும் இருப்பானே, அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சட்டம் பேச வேண்டாம். மகளின் பெயரைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள், இடத்தைக் கேளுங்கள். ஒவ்வொருவர் வாசலிலும் வெடிப்பதைவிட ஊருக்குப் பொதுவான ஒரு திறந்தவெளியில் சேர்ந்து வெடிக்கச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றமும் யோசனை சொன்னது. பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி விளையாட்டுத் திடலை அந்த இரண்டு மணி நேரத்துக்குத் திறந்துவிட, தண்ணீர் வாளியும் மணலும் வைக்க, கவுன்சிலரிடம் மனுக் கொடுக்கலாம். போகிக்கு முன்னால் மாநகராட்சி வீடு வீடாகப் பழைய டயரை வாங்கிக்கொண்டு போகிறது, அதற்குப் பலன் இருக்கிறது. தீபாவளிக்கும் அப்படி முன்கூட்டிய வேலை நடக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் 100 மீட்டருக்குள் வெடிக்கவே கூடாதே என்று உங்களுக்குத் தோன்றலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது உண்மை. ஆனால் 2017 திருத்தத்துக்குப் பிறகு அரசு அப்படி அறிவித்த இடத்துக்குத்தான் அது பொருந்தும். அதனால் மனுவில் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள், ‘மருத்துவமனைக்கு அருகில்’ என்று குறிப்பிடுங்கள், போதும். மருத்துவமனை அருகே வெடிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது.

சாவு ஊர்வலத்துக்கு என் பதில் வேறு. தீபாவளிக்குக் கொடுத்த இரண்டு மணி நேரம் அதற்குப் பொருந்தாது, சரவெடித் தடையோ வருஷம் முழுக்கப் பொருந்தும். சட்டப்படி நீங்கள் போன் செய்யலாம். ஆனால் பிணம் தெருவில் இருக்கும்போது போன் செய்யாதீர்கள். மூலக்கொத்தளத்துக்கோ காசிமேட்டுக்கோ ஒருவரைக் கொண்டுபோகும் நேரத்தில் போலீஸ் வந்து நின்றால் அதை ஊர் மறக்காது, துக்கம் சண்டையாக மாறும். அந்தந்தத் தெருவில் சாவுக் காரியங்களை முன்நின்று நடத்தும் பெரியவர்கள் இருப்பார்கள். சாதாரண நாளில் அவர்களிடம் பேசுங்கள். பறையும் பூவும் போதும், ஆஸ்பத்திரி மதில் தாண்டும் வரை வெடி வேண்டாம் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். பக்கத்து வார்டில் பச்சைக்குழந்தையும் ஆபரேஷன் ஆன ஆளும் படுத்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் புரியாத விஷயமல்ல.

மகளைப் பற்றி ஒன்று. நான் டாக்டர் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘சத்தம் இல்லாதது, குழந்தை கையில் கொடுக்கலாம்’ என்று நாம் நினைக்கும் பாம்பு மாத்திரையும் கம்பி மத்தாப்பும்கூட மூச்சுக்கு மோசமானவை. புனேயில் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அளந்து பார்த்தபோது நுண்துகள் புகையில் முதலிடம் பாம்பு மாத்திரைக்குத்தான். பசுமைப் பட்டாசு என்று பெட்டியில் நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) முத்திரையும் கியூ.ஆர். கோடும் இருந்தாலும், புகை சுமார் 30 சதவீதம் குறைவு என்பதுதான் அதன் கணக்கு, புகையே இல்லை என்று அர்த்தமில்லை. பண்டிகைக்கு முன் வாரமே டாக்டரிடம் காட்டி, இன்ஹேலரும் தேவையானால் நெபுலைசரும் வீட்டில் தயாராக வையுங்கள். அந்த இரண்டு நாள் ராயபுரம் தாண்டி எங்காவது சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் அதுவும் நல்லது. ராத்திரி மூச்சுத் திணறினால் முதலில் 108, புகாரெல்லாம் பிறகு.

அன்று ராத்திரி நேரம் கடந்து வெடித்தால் என்ன செய்வது? 112-க்குச் சொல்லும்போது ‘இடத்தை மட்டும் சொல்கிறேன், என் நம்பரை ரோந்து வண்டிக்குக் கொடுக்க வேண்டாம்’ என்று முதலிலேயே கேளுங்கள். தெருமுனையை அடையாளம் சொல்லுங்கள், உங்கள் வீட்டு வாசலை அல்ல. செல்போனில் வீடியோ எடுத்தால் முகம் தெரிய வேண்டாம், சத்தமும் நேரமும் தெரிந்தால் போதும். அதை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீர்கள்.

வீட்டைக் காலி செய்வதா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், போகிற தெருவிலும் ஒரு சீட்டு அண்ணன் இருக்க மாட்டார் என்று யார் சொல்ல முடியும்? இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஹவுஸ் ஓனரிடம் பேசுங்கள். தன் கட்டடத்தில் உரிமமில்லாமல் வெடிபொருள் அடுக்கியிருப்பது தெரிந்தும் அனுமதித்தால் அவரும் சிக்கலில் மாட்டுவார், கட்டடமும் அவருடையது. ‘கீழே வைத்திருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்’ என்று அவர் வாயால் ஒரு சொல் வந்தால், மனு போவதற்கு முன்பே பெட்டிகள் வேறு இடம் பார்த்துப் போகக்கூடும். அப்படி நடந்து, அவை பக்கத்துத் தெருவில் இன்னொரு குடித்தனத்துக்குக் கீழே போய் இறங்கியதாகத் தெரிந்தால், மனுவில் முகவரியை மாற்றி அனுப்புங்கள். நகலை எனக்கும் இதே முகவரிக்கு அனுப்பி வையுங்கள், பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.